இருநூற்றுப் பதினாலாம் பெட்டி

ஆறு நாளாகக் கண்டெய்னர் நகரவில்லை.

திருப்பூர் நெருப்பெரிச்சலில் இருந்து புறப்பட்டுப் போன அந்தக் கண்டெய்னர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கு மகள் வர்ஷினி அம்மாவின் போனில் ஒரு வசதி பண்ணிக் கொடுத்திருந்தாள். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி, அவ்வளவுதான். ஜெயபாரதி அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அதைப் பார்ப்பாள், குளித்துவிட்டுப் பார்ப்பாள், கம்பெனிக்குப் போகிற வழியில் ஸ்கூட்டியை ஓரங்கட்டிப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் பூகோளத்தில் முப்பத்தைந்துக்கு மேல் வாங்கி அறியாதவள், நாற்பத்து நான்கு வயதில் ஈரானுக்கு வடக்கே என்ன இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரிக்குப் பாடம் நடத்துகிற அளவுக்கு வந்திருந்தாள். புள்ளி மும்பையில் கப்பலேறியது. கடல் தாண்டி ஈரானின் தென்கரையில் இறங்கியது. லாரியில் ஏறிப் பாலைவனத்தைக் கடந்து, வடக்கே காஸ்பியன் கடல் ஓரத்தில் ஒரு சின்னத் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே நின்றது நின்றதுதான்.

அங்கிருந்து இன்னொரு கப்பல் ஏறி ரஷ்யாவில் இறங்க வேண்டும். பிறகு ரயில். மாஸ்கோவில் ஒரு கடைக்காரன், பனிக்காலத்தில் குழந்தைகள் உள்ளே போட்டுக்கொள்கிற கதகதப்பான பனியனும் கால்சட்டையும் பதினெட்டாயிரம் செட் கேட்டிருந்தான். ஐப்பசி பிறப்பதற்குள் சரக்கு கடைக்கு வராவிட்டால் தனக்கு வேண்டாம் என்று அவன் முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டான். இப்போது புரட்டாசி முதல் வாரம்.

ஜெயபாரதியின் கணவன் வேல்குமார் பதினான்கு வருஷமாக அமெரிக்காவுக்குத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். இந்தச் சித்திரையில் அங்கே வரியைப் பற்றிப் பேச்சு கிளம்பியதும் ஆர்டர் நின்றது. அவர்கள் தெருவில் மாவு மில் மாதிரி இரைந்துகொண்டிருந்த கம்பெனிகள் ஒவ்வொன்றாக அரை ஷிப்டுக்கு இறங்கின. அப்போதுதான் ஒரு ஓட்டலில் கூட்டம் போட்டு, இந்தப் புது வழியைப் பற்றி யாரோ பேசினார்கள். பல நாடுகள் சேர்ந்து போட்ட வழி. கப்பல், ரோடு, ரயில் மூன்றும் கலந்தது. பழைய வழியில் சுற்றிக்கொண்டு போனால் நாற்பது நாள், இதில் இருபத்தைந்தே நாள். வேல்குமார் அன்றைக்கு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், பேப்பர் ஓரத்தில் அந்த வழியை வரைந்து காட்டினான். மாதக்கணக்காக அவன் முகத்தில் இல்லாத வெளிச்சம் அன்றைக்கு இருந்தது. அந்த வெளிச்சத்துக்காகவே ஜெயபாரதி சரி என்றாள். நாற்பது பேருக்கு வேலை கொடுக்கிற கம்பெனியைத் தீபாவளி வரைக்கும் இழுத்துக்கொண்டு போக வேறு வழியும் இல்லை.

கண்டெய்னர் ஏற்பாட்டைப் பார்த்துக்கொள்கிற ஏஜென்ட் சுரேஷுக்குத் திருப்பூர் ராயபுரத்திலேயே ஆபீஸ். சரக்கு ஏற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே அவன் வந்து படித்துப் படித்துச் சொன்னான்.

"அண்ணா, இது அமெரிக்கா மாதிரி இல்லீங்க. வழியில எத்தன பேரு தொறந்து பாப்பாங்கன்னு சொல்ல முடியாது. துணியத் தவிர உள்ள ஒண்ணும் இருக்கக்கூடாதுங்க. எல, தழ, தின்பண்டம், பொடி, ஒண்ணுமே. ஒரு எலுமிச்சம்பழங்கூட வேண்டாங்க."

வேல்குமார் நாற்பது பேரையும் நிறுத்தி வைத்து அதையே சொன்னான். கற்பூரம் கேட்டுக்கு வெளியே. பூசணிக்காய் ரோட்டில். உள்ளே ஒன்றும் கூடாது, மீறினால் வேலை இல்லை.

இதைச் சொல்ல வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் கம்பெனியில் முதல் நாளில் இருந்தே ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு ஆர்டரின் முதல் பெட்டியிலும் சிவன்மலை முருகன் விபூதி ஒரு பொட்டலம் உள்ளே போகும். அமெரிக்காவில் எவனாவது பெட்டியைத் திறந்து, இதென்ன சாம்பல் என்று கேட்டிருப்பானோ என்னவோ, கேட்டது இங்கே வரைக்கும் வந்து சேரவில்லை. பதினான்கு வருஷமும் ஒரு பெட்டி திரும்பி வந்ததில்லை. அதற்கு விபூதிதான் காரணம் என்று ஜெயபாரதி யாரிடமும் வாதாடியதில்லை. அவளுக்கு அது தெரியும், அவ்வளவுதான்.

அதனால் ஏற்றுகிற அன்றைக்கு, வேல்குமார் லாரிக்காரனோடு பேசிக்கொண்டிருந்த சமயம் பார்த்து, அவள் பேக்கிங் பக்கம் போனாள். அங்கே பிரவேஷ் மட்டும் இருந்தான். ராம்பிரவேஷ் மஹதோ. பீகார்க்காரன், நாற்பது வயசு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் திருப்பூருக்கு வந்தவன், தமிழைக் கொங்கு நாட்டில் கற்றதால் எடுத்ததற்கெல்லாம் 'ங்க' போட்டுத்தான் பேசுவான். பெட்டிகளுக்கு டேப் ஒட்டுவதும் நம்பர் எழுதுவதும் அவன் பொறுப்பு.

"பிரவேசு, ஒரு பொட்டி மட்டும் பிரிச்சுக் குடு."

"அண்ணா வேண்டாம்னாருங்களே அக்கா."

"அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். சித்த பிரி சாமி."

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு பிளேடை எடுத்து எண்பத்தெட்டாம் பெட்டியின் டேப்பைக் கீறிக் கொடுத்தான். அவள் மடிப்புகளுக்கு நடுவே பொட்டலத்தைச் செருகினாள். அவன் மறுபடி ஒட்டி, உள்ளங்கையால் தடவிவிட்டான். பிரித்த அடையாளமே இல்லை.

இது நடந்து நான்கு வாரம் ஆகிவிட்டது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குச் சுரேஷ் போன் பண்ணினான். வேல்குமார் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்ப் பேசினான். உள்ளே வரும்போது அவன் நடையே மாறியிருந்தது. டீ டைம். எல்லோரும் கையில் டம்ளரோடு நின்றார்கள்.

"கண்டெய்னர நிறுத்தி வெச்சிருக்காங்க. ஒரு பொட்டியில பொட்டலம் இருந்துச்சாம். வெள்ளப் பொடி. என்ன எழவுன்னு லேபுக்கு அனுப்பீருக்காங்க."

ஜெயபாரதி சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் டீயை ஊற்றிக்கொண்டாள்.

"ஏன் பிரவேசு," என்றான் வேல்குமார். "பொட்டி ஒட்டறது ஆரு?"

"நானுங்க."

"கைனிப் பொகையிலைக்குச் சுண்ணாம்பு கலக்கறது ஆரு?"

பிரவேஷ் வேல்குமாரைப் பார்த்தான். நிதானமாகப் பார்த்தான். பிறகு ஜெயபாரதியைப் பார்த்தான்.

"நா வெக்கலீங்க," என்றான்.

"நீ வெக்கலீன்னா வேற ஆரு வெச்சது? பொட்டி தானா வெச்சுக்குச்சா? உன்ற கைக்கு வராத பொட்டி ஒண்ணு உண்டா இந்தக் கம்பெனியில?"

"இல்லீங்க."

"அப்பறம்?"

பிரவேஷ் குழாயடியில் கையைக் கழுவினான். டேப்பையும் பிளேடையும் மேஜைமேல் எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்தான். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனான். ஜெயபாரதி அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது கூப்பிட்டால்கூடப் போதும் என்று நினைத்தாள், அவன் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நினைத்துக்கொண்டே இருந்தாள்.

அன்றும் மறுநாளும் அவளுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வீட்டில் துவைத்த துணியைத் திரும்பத் துவைத்தாள். கம்பெனியில் கட்டிங் டேபிளுக்கும் செக்கிங் டேபிளுக்கும் நடந்தாள். புரட்டாசி வெயில் தகரக் கூரையில் இறங்கி ஆட்களைப் பிழிந்தது. சாயங்காலம் பல்லடம் பக்கம் மேகம் கருத்துக்கொண்டு வரும், காற்று தூசியைக் கிளப்பும், ஒரு தூறல்கூடப் போடாமல் கலைந்து போகும். ஓவர்லாக் மெஷின்களில் பாதி மூடிக் கிடந்தன. மீதியில் உள்ளூர்க் கடைக்கு ஏதோ கொஞ்சம் டி-ஷர்ட் ஓடியது.

செக்கிங்கில் பொன்னாத்தாள் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது தாண்டியவள், கம்பெனி தொடங்கிய நாளில் இருந்து இருப்பவள். அவளுக்கும் அன்றைக்குக் கை நிற்கவில்லை. வெட்டிய இடத்திலேயே மறுபடி கத்தரியைக் கொண்டுபோனாள்.

"ஏனுங் அம்மிணி, அங்க எத்தன பொட்டியப் பிரிச்சாங்களாமா?"

"ஒண்ணுதாங்கறாங்க அக்கா."

"மிச்சத்தையும் பிரிப்பாங்களாமா?"

"தெரீலீங்களே. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாத்தேன் கேட்டெ. முந்நூறு பொட்டியப் பிரிச்சு மடிப்பக் கலச்சுப்போட்டாங்கன்னா மறுக்கா ஆரு மடிக்கறது? அங்க நம்மளாட்டம் ஆளு இருக்குமா?" என்றாள் பொன்னாத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை நிமிர்த்தாமலே, "பாவம் அந்தப் பையன். டீத்தண்ணியில வாய் வெக்கற நேரத்துல தாட்டியுட்டாச்சு," என்றாள்.

"அவன் வெச்சிருக்க மாட்டான்னு நெனைக்கறீங்களா?"

"நா என்னத்தக் கண்டேன். இந்தக் கழுத்து ஓரத்தப் பாருங், நூல் எப்படித் தொங்குதுன்னு."

நாற்பது பேர் இருக்கிற இடத்தில் ஒருத்தர்கூட அவன்தான் வைத்தான் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. வைக்கவில்லை என்றும் சொல்லவில்லை. ஜெயபாரதிக்கு அது அப்போது விசித்திரமாகப் படவில்லை. தன் நெஞ்சில் இருந்த கனமே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. தான் தின்ற சோறு, ஓட்டிய ஸ்கூட்டி, மகளுக்குக் கட்டிய காலேஜ் பீஸ் எல்லாவற்றிலும் பிரவேஷ் ஒட்டிய டேப் இருக்கிறது என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. பதினெட்டாயிரம் குழந்தைச் சட்டையும் நாற்பது பேர் தீபாவளியும் என் ஒரு கைப்பிடிச் சாம்பலால் போச்சா என்று கேட்டு வேல்குமார் முன்னால் நிற்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

புதன்கிழமை காலை அரிசிம்பருப்புச் சாதத்தைத் தட்டில் போட்டு வைத்தாள். வேல்குமார் நெய்யைக்கூடக் கேட்கவில்லை. வர்ஷினியைப் பக்கத்தில் உட்கார்த்தி, லேப்டாப்பைத் திறக்கச் சொன்னான்.

"சுரேசு நாளைக்குள்ள லெட்டர் கேக்கறான். இங்கிலீசுல அடி கண்ணு. எங்களுக்குத் தெரியாம தொழிலாளி ஒருத்தர் ஏதோ பொருள வெச்சுட்டாரு. அவர வேலைய உட்டு நீக்கீட்டோம். இனி இப்படி நடக்காது. அவ்ளோதான்."

"என்ன பொருள்னு கேப்பாங்கல்லப்பா?"

"தெரியாதுன்னு அடி."

"சுரேஷ் அண்ணா என்ன கேட்டாரு, அதச் சரியாச் சொல்லுங்கப்பா."

வேல்குமார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "என்ன பொருளு, எத்தன பொட்டலம், எந்தெந்தப் பொட்டி, ஆரு வெச்சது. எழுதுனதுக்கு மேல ஒரே ஒரு பொட்டலம் கெடச்சாலும் கண்டெய்னர் திரும்பி வந்துருமாமா. வெச்சவங்க கையெழுத்தும் வேணுமாமா."

"பிரவேஷ் அண்ணா போடுவாரா?"

"போட வெக்கறேன்."

ஜெயபாரதி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவன் வெக்கலீங்க," என்றாள். "நான் வெச்சேன்."

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"சிவன்மல துந்நூறுங்க. நீங்க வேண்டாம்னு சொல்லியும் மனசு கேக்கல. பிரவேசத்தான் பிரிச்சுக் குடுக்கச் சொன்னேன். என்ன வேணாலும் திட்டுங்க. அவன்கிட்டக் கையெழுத்து வாங்காதீங்க, அந்தப் பாவம் நமக்கு வேண்டாங்க."

திட்டு வரும் என்று அவள் காத்திருந்தாள். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் அவனுடைய கோபத்தின் எல்லா வகையும் அவளுக்குத் தெரியும். ஆனால் அவன் முகத்தில் அவள் பார்த்தது கோபம் இல்லை.

"எந்தப் பொட்டி?" என்று கேட்டான்.

"எம்பத்தெட்டு."

"அவங்க புடிச்சது எரநூத்திப் பதினாலு."

"அப்ப அது ஆருது?"

வேல்குமார் தட்டைத் தள்ளி வைத்தான். ஜன்னல் பக்கம் பார்த்தான். சுவரைப் பார்த்தான். பார்ப்பதற்கு வேறு ஒன்றும் மிச்சம் இல்லை என்று ஆனபிறகு, "என்றது," என்றான்.

வர்ஷினிதான் முதலில் வாய் திறந்தாள். "ரெண்டு பேருமா?" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. உடனே அது போய்க் கண் கலங்கியது. "அப்பா, நாப்பது பேருக்கு முன்னால வெச்சு அவரத் திட்டுனீங்க. உங்குளுதுன்னு தெரிஞ்சேவா?"

"நாந்தான கண்ணு அல்லாத்தையும் நிறுத்தி வெச்சு, மீறுனா வேல இல்லைன்னு சொன்னேன். அப்பறம் நானே மீறீட்டேன்னு எந்த வாய வெச்சுச் சொல்றது? அந்த நேரத்துக்கு அவன் முன்னால நின்னான்." அவன் குரல் தேய்ந்தது. "ஏத்தறதுக்கு மொத நாளு கனவு மாதிரி ஒண்ணு. இந்தப் பொட்டி போய்ச் சேரலீன்னா கம்பெனிய மூடோணும். பயந்துபோய்ட்டேன். அதுதான் வெச்சுப்போட்டேன்."

ஜெயபாரதிக்குத் திங்கட்கிழமை டீ டைம் ஞாபகம் வந்தது. பிரவேஷ் முதலில் யாரைப் பார்த்தான், ஏன் அவ்வளவு நேரம் பார்த்தான் என்று இப்போது புரிந்தது. தன்னை அவன் பார்த்தது இரண்டாவதாகத்தான். இரண்டு பேரும் அவன் எதிரில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

பிரவேஷ் தங்கியிருந்தது கம்பெனிக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில். இருவரும் ஸ்கூட்டியில் போய் இறங்கியபோது அவன் வாசலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே இருந்து ஒரு பிளாஸ்டிக் சேரைக் கொண்டுவந்து போட்டான். இரண்டு பேருக்கு ஒரு சேர். யாரும் உட்காரவில்லை.

"பிரவேசு," என்று தொடங்கினான் வேல்குமார்.

"தெரிஞ்சு போச்சுங்களா?" என்றான் பிரவேஷ். அவன் குரலில் வெற்றியும் இல்லை, வருத்தமும் இல்லை. மழை வருமா என்று கேட்கிற மாதிரி கேட்டான்.

"எனக்கும் அவருக்கும் இப்பத்தான் சாமி தெரியும்," என்றாள் ஜெயபாரதி. "ஒருத்தருது இன்னொருத்தருக்குத் தெரியாது. லெட்டர்ல ரெண்டையும் எழுதோணும். எம்பத்தெட்டு, எரநூத்திப் பதினாலு. நம்பர் சரிதானான்னு உன்னையக் கேட்டுக்கலாம்னுதான்."

"ரெண்டு எழுதுனீங்கன்னா கண்டெய்னர் திரும்பி வந்துருங்க."

"ஏன்?"

"அஞ்சு இருக்குதுங்க."

வேல்குமார் அந்தச் சேரில் உட்கார்ந்துவிட்டான்.

பிரவேஷ் விரல்விட்டுச் சொன்னான். முப்பத்தொண்ணு பொன்னாத்தாள் அக்கா, பண்ணாரி அம்மன் குங்குமம். எம்பத்தெட்டு நீங்க. நூத்தி அம்பது கட்டிங் மாஸ்டர், நாகூர் தர்காவில் ஓதின சக்கரை. எரநூத்திப் பதினாலு அண்ணா. எரநூத்தி எழுபத்தாறு அயர்னிங் ஸ்டெல்லா, வேளாங்கண்ணி மெழுகுவர்த்தித் துண்டு. ஒவ்வொன்றையும் எந்த மூலையில், எத்தனையாவது மடிப்புக்குக் கீழே என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"ஏண்டா அல்லாருக்கும் தொறந்து உட்டே?" என்றான் வேல்குமார்.

"மொத மொதல்ல வந்தது நீங்கதானுங்க அண்ணா. ஓனருக்குத் தொறந்து குடுத்துட்டு, பொன்னாத்தாள் அக்காளுக்கு முடியாதுன்னு எப்படிங்க சொல்றது? ஆளுக்கு ஒரு சாமிங்க. அல்லாரும் கேட்டது ஒண்ணுதானுங்க, பொட்டி போய்ச் சேரோணும், வேல நிக்கக்கூடாது."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே பிரவேசு," என்றாள் ஜெயபாரதி. சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று அவளுக்குத் தெரிந்தது.

"நான் சொல்லி ஆருங்க நம்புவாங்க? பீகார்க்காரன் ஓனர் மேல பழி போடறான்னு சொல்லுவாங்க. நீங்க ரெண்டு பேரும் அங்கதான நின்னீங்க. ஒருத்தராச்சும் சொல்லுவீங்கன்னு பாத்தனுங்க." அவன் குனிந்து, சீவிய தோலைக் காகிதத்தில் கூட்டி எடுத்தான். "பரவால்லீங்க. எழுதிக்கங்க. நம்பர் தப்பாப் போயிரக்கூடாது."

"நாளைக்கு வேலைக்கு வந்துரு," என்றான் வேல்குமார்.

"இல்லீங்க அண்ணா. ராயபுரத்துல ஒரு கம்பெனியில சொல்லீட்டனுங்க. நாளைக்குச் சேரோணும். எனக்கு ஒண்ணு மட்டும் செய்யுங்க. எங்க ஊர்க்காரங்க எட்டுப் பேரு இந்தத் தெருவுல இருக்கறாங்க. பிரவேசு பொட்டிக்குள்ள போத மருந்து வெச்சுட்டான்னு ஊரு வரைக்கும் போயிருச்சுங்க. எம்பட சம்சாரம் நேத்துப் போன்ல அழுகறா. எப்பத் திட்டுனீங்களோ அதே டீ டைம்ல, அல்லாரும் இருக்கறப்ப, நான் வெக்கலீன்னு ஒரு வார்த்த சொல்லீருங்க. அது போதுங்க."

"சொல்றேன் பிரவேசு. கட்டாயம் சொல்றேன்," என்றான் வேல்குமார்.

அன்றைக்கே லெட்டர் போனது. ஐந்து பெட்டி, ஐந்து பொருள், ஐந்து கையெழுத்து. மற்ற மூன்று பேரையும் ஒவ்வொருவராக ஆபீஸ் அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டுதான் கையெழுத்து வாங்கினான் வேல்குமார். பொன்னாத்தாள் அழுதாள். கட்டிங் மாஸ்டர் காலில் விழப் போனார். வேலை போகாது, ஆனால் வெளியே மூச்சு விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினான்.

வியாழக்கிழமை டீ டைம் வந்தது. "கண்டெய்னர் கெளம்பட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்," என்றான். ஜெயபாரதியும் அது நியாயம் என்றே எடுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை அவளே டீ டைமில் பாங்குக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நீலப் புள்ளி நகர்ந்தது. முதலில் கண்ணில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். புள்ளி கரையை விட்டுக் கடலுக்குள் இருந்தது. அடுத்த நிமிஷம் சுரேஷ் போன் பண்ணினான்.

"அண்ணா, உட்டுட்டாங்க. அஞ்சு பொட்டியையும் பிரிச்சுப் பாத்து, எழுதுன எடத்துல எழுதுன மாதிரியே இருந்துச்சுன்னு கையெழுத்துப் போட்டுக் கப்பல்ல ஏத்தீட்டாங்க. அந்த ஆபீசரு சிரிச்சாராமா. இத்தன சாமிய ஒரே கண்டெய்னர்ல இப்பத்தான் பாக்கறேன்னாராமா."

வேல்குமார் போனை வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். ஐந்து மாதத்துப் பாரம் இறங்கிய மாதிரி நாற்காலியில் சாய்ந்தான். ஆளை அனுப்பி எல்லோருக்கும் மெதுவடையும் டீயும் வாங்கிவரச் சொன்னான். பதினொரு மணி ஆயிற்று. டீ வந்தது, வடை வந்தது, எல்லோர் முகத்திலும் சிரிப்பு வந்தது. அவன் ஆபீஸ் அறையில் ரஷ்யாக்காரனுக்கு மெயில் அடித்துக்கொண்டே இருந்தான்.

"ஏனுங்க, டீ டைம் முடியப் போகுது," என்றாள் ஜெயபாரதி.

"இருக்கட்டும்."

"பிரவேசு விசயம்."

"பொட்டிதான் கெளம்பீருச்சே பாரதி. நல்ல நாளும் அதுவுமா இப்ப எதுக்கு அதக் கிண்டறது? இப்பப் போயி நான்தான் வெச்சேன்னா நாளைக்கு எவன் என்ற பேச்சக் கேப்பான்? அவனுக்கு ஒரு மாசச் சம்பளம் சேத்துக் குடுத்துரலாம்."

"அவன் சம்பளம் கேக்கலீங்க."

அவன் திரையைப் பார்த்தான். வெளியே டம்ளர்களைக் கழுவுகிற சத்தம் கேட்டது. மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. ஜெயபாரதி போனை எடுத்துப் பிரவேஷுக்குப் போட்டாள். "சித்த நேரம் காதுலயே வெச்சிரு," என்று மட்டும் சொன்னாள். போனைச் செக்கிங் டேபிள்மேல் வைத்தாள். சுவரோரம் போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள்.

மெஷின்கள் நின்றன. மின்விசிறிகள் இரண்டு சுற்று சுற்றி நின்றன. நாற்பது தலை திரும்பியது. வேல்குமார் என்னவோ ஏதோ என்று அறையை விட்டு வெளியே வந்தான். வந்தவனை எல்லோரும் பார்த்தார்கள்.

"இவரு உங்குளுக்கு ஒண்ணு சொல்லோணுமாமா," என்றாள் ஜெயபாரதி.

வேல்குமார் அவளை முறைத்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. கூரை வெயிலில் நெளிகிற சத்தம் கேட்டது. அவன் தொண்டையைக் கனைத்தான்.

"திங்கக்கெழம பிரவேசப் பேசுனது தப்புங்க," என்றான் தன்னிடம் வேலை செய்கிறவர்களைப் பார்த்து. "அவன் ஒண்ணும் வெக்கல. எரநூத்திப் பதினாலாம் பொட்டியில இருந்தது துந்நூறு. அத வெச்சது நானுங்க. வெச்சுப்போட்டு அவன் மேல பழியப் போட்டேன். அவன் அத்தன பேரு முன்னாலயும் என்னையக் காட்டிக் குடுக்கல."

பொன்னாத்தாள் ஸ்டூலை விட்டு எழுந்தாள். "முப்பத்தொண்ணு என்றதுங்க," என்றாள், யாரும் கேட்காமலே. கட்டிங் மாஸ்டர் கையைத் தூக்கினார். அயர்னிங் ஸ்டெல்லா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள், அழுதாள். யாரோ கைதட்டினார்கள். வேல்குமாருக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அவன் அப்படி நின்று ஜெயபாரதி பார்த்ததில்லை. பெருமையாக இருந்தது அவளுக்கு. சுவிட்சை மேலே தள்ளினாள். மெஷின்கள் ஓடத் தொடங்கின.

அவள் போனை எடுத்துக் காதில் வைத்தாள். அழைப்பு இன்னும் இருந்தது. அந்தப் பக்கமும் மெஷின் சத்தம்.

"கேட்டுச்சா பிரவேசு?"

"கேட்டுச்சுங்க அக்கா. அண்ணா சொன்னதும் கேட்டுச்சு. பொன்னாத்தாள் அக்கா சொன்னதும் கேட்டுச்சு. எம்பத்தெட்டு மட்டும் கேக்கலீங்களே."

அழைப்பு அறுந்தது.

ஜெயபாரதி போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவளைச் சுற்றி மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன, வேல்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் திரும்பிக்கொண்டிருந்தான், பொன்னாத்தாள் அவளைப் பார்த்துச் சிரித்தாள். அவள் திரும்பி நடந்து போய் மெயின் சுவிட்சை மறுபடியும் கீழே இழுத்தாள்.